வராதவரைத் தேடிப் போகும் வேலை

"எல்லாரும் சேந்து சாமிகிட்டக் கேட்டாச்சு. இப்ப யாரும்மா போறது?"

அமலி என்று எல்லோரும் கூப்பிடும் அமலோற்பவத்தின் மகள் ஜெசிந்தாவுக்கு அப்போது ஐந்து வயது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நோயாளிகளுக்காக மன்றாட்டு வாசித்து முடித்து, கோயில் நிறைந்த கூட்டம் ஒரே குரலில் பதில் சொல்லி உட்கார்ந்த நேரம். குழந்தை சற்று உரக்கவே கேட்டுவிட்டது. முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். "சும்மா இரு மக்களே, பூசை நடக்கு" என்று அமலி அதன் வாயைப் பொத்தினாள். ஜெசிந்தா வளர்ந்து வேலைக்கு வெளியூர் போன பிறகும், நோயாளிகளுக்கான மன்றாட்டு வரும்போதெல்லாம் அந்தக் கேள்வி மட்டும் அமலியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அமலி ஒரு டயாலிசிஸ் நர்ஸ். சிறுநீரகம் பழுதானவர்கள் வாரத்துக்கு மூன்று முறை வந்து, சாய்வு நாற்காலியில் படுத்து, தங்கள் ரத்தத்தை இயந்திரத்திடம் கொடுத்துச் சுத்தமாக்கித் திரும்ப வாங்கிக்கொண்டு போவார்கள். தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரையை ஒட்டி அப்படி மூன்று சிறிய நிலையங்கள் இருந்தன. உப்பளத்தில் ஒன்று, டவுனில் ஒன்று, மீனவர் குடியிருப்பில் ஒன்று. கடல் வருஷா வருஷம் ஏறிக்கொண்டே வந்த காலம் அது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி உப்பளத்து நிலையத்தின் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுப் போன தண்ணீர், ஒரு ஐப்பசியில் உள்ளேயே வந்து இயந்திரங்களின் காலை நனைத்தது. அதன் பிறகு மேட்டில் பெரிதாக ஒரு கட்டடம் கட்டி மூன்றையும் ஒன்றாக்கினார்கள்.

கட்டடம் ஒன்றாகிவிட்டது. ஆட்கள் ஆகவில்லை. டவுன்காரர்கள் நோயாளி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஊசியோடு நிற்பார்கள். உப்பளத்துக்காரர்கள், வந்தவர் உட்கார்ந்து வீட்டுக் கதை இரண்டு சொன்ன பிறகுதான் ஊசியைத் தொடுவார்கள். மீனவர் குடியிருப்பு ஆட்களுக்குப் பாட்டு ஓடாமல் இயந்திரம் ஓடாது. முதல் மாதம் முழுக்கக் கூட்டமாகக் கூட்டினார்கள். எல்லோரும் நல்ல யோசனைதான் சொன்னார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு தேநீரைக் குடித்துவிட்டு எழுந்துபோய் அவரவர் பழையபடியே செய்தார்கள்.

அப்போதுதான் 'ஒருமனம்' வந்தது. அதைக் கொண்டுவந்தவன் தரணி என்ற கோயம்புத்தூர்ப் பையன். பெட்டியைத் திறந்து, ஆளுக்கு ஒன்றாகச் சிறிய வெண்மணியைக் கொடுத்துக் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளச் சொன்னான். பார்க்க ஊறவைத்த மொச்சைக்கொட்டை மாதிரியே இருந்தது. அன்றிலிருந்து அதற்கு அங்கே மொச்சை என்றே பெயர்.

"பயப்படாதீங்க. உங்க வூட்டு நெனப்பெல்லாம் இது படிக்காதுங்க" என்றான் தரணி. "கூட்டத்துல ஒருத்தர் ஒரு யோசனை சொல்றப்ப, உங்க மனசு ஒத்துப்போகுதா, முரண்டு புடிக்குதா, அத மட்டுந்தான் பாக்கும். எல்லார் மனசையும் கூட்டிப் பாத்துட்டு, ஆருக்கு எந்த வேலை பொருந்துமோ அதப் பிரிச்சுக் குடுத்துடும். உங்க பங்கு வர்றப்ப காதுக்குப் பின்னால இளஞ்சூடா இருக்கும். என்ன செய்யோணும்னு உங்களுக்கே தோணிப்போடும்."

"முரண்டு புடிச்சா?" என்று கேட்டான் முத்துமாலை. இயந்திரங்களைப் பராமரிக்கும் டெக்னீஷியன். அமலியோடு உப்பளத்திலிருந்து வந்தவன்.

"நீங்க முரண்டு புடிக்கற வேலைய உங்ககிட்டக் குடுக்காதுங்க."

"அப்ப என் வீட்டுக்காரி காதுல மட்டும் ஒட்டிராதிய சார். கடைக்குப் போறது, தண்ணி புடிக்கது எல்லாம் என் தலையிலதான் வந்து விழும்."

"இப்ப மட்டும் யாரு தலையிலயாம்?" என்றாள் ஒருத்தி பின்னாலிருந்து. அந்தக் கட்டடத்தில் மூன்று நிலையத்து ஆட்களும் சேர்ந்து சிரித்தது அதுவே முதல் தடவை.

நன்றியோடுதான் சொல்ல வேண்டும், அந்த மொச்சை பெரிய உதவி செய்தது. நோயாளிகள் காத்திருப்பது நின்றது. ஒருவர் இயந்திரத்தைத் துடைத்து முடிக்கும்போது இன்னொருவர் குழாயோடு வந்து நிற்பார், யாரும் கூப்பிடாமலே. பாட்டு யாருக்குப் பிடிக்கும், யாருக்குப் பிடிக்காது என்று பார்த்து நாற்காலிகளே இடம் மாறின. அமலி தினமும் காலையில் வேலையைத் தொடங்குமுன் சிலுவை போட்டுக்கொண்டு, "ஆண்டவரே, சண்டை இல்லாம ஒரு நாள் குடுத்ததுக்கு ஸ்தோத்திரம்" என்பாள்.

யார் பொறுப்பாளர் என்பதையும் ஒருமனம்தான் முடிவு செய்தது. எல்லோர் மனமும் அமலியிடம் ஒத்துப்போயிற்று. டவுன் நிலையத்தில் பல வருஷம் தலைமை நர்ஸாக இருந்த வசந்தகுமாரி அக்காவின் மனமும்கூட அதற்கு முரண்டு பிடிக்கவில்லை என்றான் தரணி. ஆனால் அதற்குப் பிறகு அவர் அமலியிடம் வேலையைத் தவிர வேறு பேசியதில்லை. அமலியும் போய்ப் பேசவில்லை. என்ன பேசுவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

உப்பளத்து நிலையத்தில் ஒரு பழக்கம் இருந்தது. காலைத் தேநீர் வந்த பிறகும் ஒரு நாற்காலி காலியாக இருந்தால், கை ஒழிந்த யாராவது வண்டியை எடுத்துக்கொண்டு அந்த நோயாளியின் வீட்டுக்குப் போவார்கள். டயாலிசிஸுக்கு ஒரு முறை வராமல் போனால் உடம்பில் நீர் ஏறும். இரண்டு முறை என்றால் உயிருக்கே ஆபத்து. "காலி நாற்காலி பாக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அது யாருக்கும் கொடுக்கப்பட்ட வேலை இல்லை. யார் போவது என்று ஒருநாளும் தகராறு வந்ததும் இல்லை.

மொச்சை வந்த இரண்டாவது வாரக் கூட்டத்தில் அமலி எழுந்து அதைச் சொன்னாள். "இனிமே முந்நூறு பேரு வருவாங்க. கூட்டத்துல ஒரு ஆள் குறைஞ்சா தெரியாது. ஆனா வராதவங்களைத் தேடிப் போறத மட்டும் விட்டுரக் கூடாது." மீனவர் குடியிருப்புப் பெண் ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். தரணி தன் திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "சிஸ்டர், இப்படி ஒரு ஒத்துமைய நான் எங்கியும் பாத்ததில்லீங்க. ஒரு மனசுகூட நூலளவு விலகல."

அமலி அன்று நிறைந்த மனதோடு வீட்டுக்குப் போனாள்.

தங்கப்பழம் அண்ணாச்சி முன்பு உப்பு லாரி ஓட்டியவர். மனைவி இறந்த பிறகு உப்பளத்தின் கடைசி வரிசை வீட்டில் தனியாக இருந்தார். செவ்வாய், வியாழன், சனி அவருடைய முறை. வாய் ஓயாது. போனை மட்டும் அணைத்தே வைத்திருப்பார். சார்ஜ் தீர்ந்துவிட்டால் அவசரத்துக்கு எப்படிப் பேசுவது என்பார்.

அந்த வியாழக்கிழமை அவர் நாற்காலி காலியாக இருந்தது. அமலி அதைப் பார்த்தாள். காதுக்குப் பின்னால் சூடு வருகிறதா என்று கவனித்தாள். வரவில்லை. அப்படியென்றால் வேறு யாருக்கோ வந்திருக்கும். தேநீருக்குப் பிறகு முத்துமாலை பைக்கை எடுத்துக்கொண்டு வேகமாகப் போனதைச் சன்னல் வழியே கண்டாள். நல்லது, அவன் போய்விட்டான் என்று அடுத்த வேலையில் இறங்கினாள்.

சனிக்கிழமையும் அந்த நாற்காலி காலி.

"மாலை, அண்ணாச்சி ஏன் வரலையாம்? நீ பாக்கப் போனியே, என்ன சொன்னாவ?"

"நான் எங்கக்கா போனேன்?"

"வியாழக்கிழமை. பைக்ல போனியே."

"அது வால்வு வாங்கப் போனேன்லா. எனக்குச் சூடு வரலியே. உங்களுக்கு வந்து நீங்க போயிருப்பியன்னு நெனச்சேன்."

அமலி மற்றவர்களிடம் ஓடினாள். வரிசையாகக் கேட்டாள். சுத்தம் செய்கிறவரைக் கேட்டாள், மருந்தறைப் பெண்ணைக் கேட்டாள், வாசலில் சீட்டு கொடுப்பவரைக் கேட்டாள். ஒருவர் விடாமல் எல்லோரும் அண்ணாச்சியை நினைத்திருந்தார்கள். ஒருத்தி அவருக்காக ஜெபமாலையே சொல்லியிருந்தாள். வேறு யாரோ போய் வந்திருப்பார்கள் என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

போன் போட்டார்கள்; அணைந்திருந்தது. ஆம்புலன்சுக்குச் சொன்னார்கள். பௌர்ணமித் தண்ணீர் ரோட்டில் நிற்கிறது, டவுனிலிருந்து சுற்றித்தான் வர வேண்டும் என்றார்கள். டிரைவர் இல்லாமல் தானே ஓடி நோயாளிகளை ஏற்றிவரும் தானோட்டி வேனோ தன் தடத்தை விட்டு ஒரு அடி நகராது.

"என் கார்ல போலாமுங்க, உசரமான வண்டி" என்றான் தரணி. அவன் முகம் வெளுத்திருந்தது. "ஆனா எனக்கு ஊசி போடத் தெரியாது."

போகிறவர் நர்ஸாக இருக்க வேண்டும். விடியற்காலை முறைக்காரர்கள் கிளம்பிவிட்டதால், அப்போது அந்தக் கூடத்தில் இருந்த ஒரே நர்ஸ் அமலிதான். அவள் பொறுப்பில் நாலு பேர் இயந்திரத்தில் இருந்தார்கள். அவர்கள் ரத்தம் குழாயில் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒருத்தி, சந்தனமாரி, திடீரென்று பிரஷர் இறங்கி மயங்கக்கூடியவள். அமலி ஒரு அடி வாசல் பக்கம் வைத்ததும் காதுக்குப் பின்னால் சுட்டது. உன் இடம் இது, இங்கேயே இரு என்றது. அது சொன்னதில் தப்பும் இல்லை.

"அக்கா, அந்தப் பக்கம் எட்டு மிஷினு கத்திக்கிட்டுக் கெடக்கு. நான் ரெண்டு பக்கமும் ஓடி ஓடிப் பாக்கேன். போங்க" என்றான் முத்துமாலை.

அவள் மொச்சையைப் பிய்த்து ட்ரேயில் வைத்தாள். நாலு பேரையும் ஒருமுறை பார்த்தாள். "மாதாவே, இவங்களை உங்கிட்ட விட்டுட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு மருந்துப் பையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

காரின் இருபுறமும் உப்புப் பாத்திகள் தண்ணீருக்குள் கிடந்தன. ரோடு எது, அளம் எது என்று தெரியவில்லை.

"எப்படிங்க தம்பி இது?" என்றாள் அமலி. "அத்தனை பேரும் மனசாரச் சரின்னு சொன்ன விஷயம். வேற எதுக்கும் அப்படிச் சொல்லல. அது மட்டும் ஏன் யாருக்கும் போகல?"

"அதனாலதானுங்க போகல." தரணி ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "மனசுக்கும் மனசுக்கும் நடுவுல இருக்கற இடைவெளியத்தான் இது தேடும். ஒருத்தர் வேணும்னு சொல்லி இன்னொருத்தர் தயங்கினா, அங்க செய்ய ஒரு வேலை பாக்கி இருக்குதுன்னு அர்த்தம். அதப் பிரிச்சுக் குடுக்கும். இடைவெளியே இல்லைன்னா, அது ஏற்கெனவே நடந்துட்டு இருக்கற காரியம்னு எடுத்துக்கும். மூச்சு விடற மாதிரி. மூச்சு விடச் சொல்லி ஆருக்காச்சும் வேலை குடுப்பமா?"

"நாங்க மூச்சு விட மறந்துட்டோம்."

"நீங்க மறக்கலீங்க. பழைய எடத்துல சூடும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாற்காலி காலியா இருந்தா எந்திரிச்சுப் போனீங்க. இப்ப சூடு வரட்டும்னு உக்காந்திருந்தீங்க. உக்கார வெச்சது நானுங்க." அவன் ஒரு பள்ளத்தைச் சுற்றி வண்டியைத் திருப்பினான். "அந்த ஒத்துமையப் பாத்துட்டு எங்கம்மாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன், சிஸ்டர். அவ்வளவு சந்தோசம் எனக்கு."

அமலி அவன் தோளைத் தட்டினாள். "எனக்கும்தான் தம்பி. பாத்து ஓட்டுங்க, அந்தா கல்லு நிக்குது."

அண்ணாச்சியின் வீட்டுக் கதவு அகலத் திறந்திருந்தது. வாசல்படி வரை உப்புத்தண்ணீர் வந்து நின்றது. உள்ளே கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுக்க முடியவில்லை, மூச்சு முட்டியது. முகம் வீங்கிக் கண் இடுங்கியிருந்தது. ஒரு கால் கட்டுக்குள் வீங்கி உருண்டு கிடந்தது.

"யாரு... அமலியா?"

"நான்தான் அண்ணாச்சி. பேசாதிய."

"உப்புக் கட்டி காலைக் கிழிச்சிட்டு பிள்ளே. பஸ்ஸுக்கு நடக்க ஏலல." ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினார். "யாராச்சும் வருவியன்னு தெரியும். அதான் கதவைச் சாத்தல. ராத்திரியும் சாத்தல."

அமலி அவர் கையைப் பிடித்து நரம்பைத் தேடினாள். ஒரு கணம் கண்ணை மூடினாள். பிறகு இதயத்தைத் தாங்கிப் பிடிக்கும் ஊசியை மெதுவாக, மிக மெதுவாக ஏற்றினாள். தரணி அவர் முதுகைத் தாங்கிப் பிடித்திருந்தான். நாடித்துடிப்பு கொஞ்சம் கொஞ்சமாக ஒழுங்குக்கு வந்தது. அவரை இருவருமாகக் கைத்தாங்கலாகத் தூக்கிக் காரின் பின் இருக்கையில் சாய்த்து உட்காரவைத்தார்கள்.

"வண்டிய யாரு ஓட்டுதது? இந்தப் பொடியனா?" என்றார் அண்ணாச்சி.

"ஆமாங்க."

"ரெண்டாம் கியர்லயே போடே. தண்ணிக்குள்ள மாத்தினா நின்னுரும்."

"இதுல கியரே இல்லீங்க அண்ணாச்சி."

"பின்ன என்னத்த ஓட்டுத?" என்று கண்ணை மூடிக்கொண்டார். அமலி அழுதாள், சிரிக்கவும் செய்தாள். பிழைத்துக்கொள்வார் என்று அப்போதுதான் அவளுக்கு நம்பிக்கை வந்தது.

அவரை இயந்திரத்தில் சேர்த்து, டாக்டர் வந்து பார்த்து, ஆபத்தில்லை என்று சொன்ன பிறகுதான் அமலிக்குத் தன் நாலு பேரின் நினைவு வந்தது. ஓடினாள். நாலு பேரும் அமைதியாகச் சாய்ந்திருந்தார்கள். இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. சந்தனமாரியின் நாற்காலி தலைப்பக்கம் தாழ்த்தப்பட்டிருந்தது. கம்பியில் புதிய சலைன் பாட்டில் ஒன்று பாதி இறங்கித் தொங்கியது.

"என்னாச்சு மாரி?"

"கண்ணைக் கட்டிட்டு வந்துச்சு. இப்ப ஒண்ணுமில்ல."

"யாரு பாத்தா? மாலையா?"

"அந்த ஆளு அந்தப் பக்கம் மிஷினோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தாவ. இது வேற ஆளு."

"யாரு?"

"சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காவ. நீ என்ன போலீஸா? வேலையப் பாரு" என்று சந்தனமாரி கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒருமனத்தின் திரையில் அப்படி யாருக்கும் வேலை கொடுத்ததாக இல்லை. அமலி குழம்பி நின்றாள். பிறகு அவர்களுடைய பாதங்களைப் பார்த்தாள். நாலு பேருக்கும் குளிராதபடி போர்வையைக் குதிகாலுக்கு அடியில் மடித்துச் செருகி, குழந்தைக்குச் சுற்றுவதுபோலச் சுற்றியிருந்தது. உப்பளத்தில் யாரும் அப்படிச் செய்வதில்லை. டவுன் நிலையத்திலும் ஒரே ஒருவர்தான் செய்வார்.

வசந்தகுமாரி அக்காவுக்கு அன்று விடியற்காலை முறை. அது முடிந்து அவருடைய மொச்சை பெட்டிக்குள் போய்விட்டிருந்தது. வீட்டுக்குக் கிளம்பி வண்டி வரை போயிருக்க வேண்டும். காரில் ஏறி அமலி ஓடியதைப் பார்த்திருக்க வேண்டும். எந்தச் சூடும் இல்லாமல், யாரும் கேட்காமல், திரும்பி உள்ளே வந்திருக்கிறார். அமலி திரும்பி வரும் சத்தம் கேட்டதும் பின்வாசல் வழியாகப் போயிருக்கிறார்.

அமலி அந்தப் போர்வை மடிப்பைக் கலைக்காமல் அப்படியே தொட்டுப் பார்த்தாள். மாதாவிடம் விட்டுவிட்டுப் போனோம். மாதா யாரை அனுப்பியிருக்கிறாள் பார் என்று நெஞ்சு நிறைந்துவிட்டது.

திங்கட்கிழமை அவரைத் தேடிப் போனாள். "வசந்தா அக்கா, சனிக்கிழமை..."

"ட்ரேல ஒரு கத்திரி குறையுது. நீ எடுத்தியா?"

"இல்லக்கா. நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"அப்ப மருந்தறையில கேளு. எனக்கு நேரமாச்சு" என்று போய்விட்டார். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. நன்றி சொல்ல ஒருவருக்கு வாசலே விடாமல் உதவி செய்கிறவர்கள் உண்டு. அவர்களிடம் என்ன செய்வது என்று அமலிக்குப் புரியவில்லை.

தரணி மூன்று நாள் தூங்காமல் உட்கார்ந்து ஒரு திருத்தத்தோடு வந்தான். "இனி வராதவங்களத் தேடற வேலைய ஒரே ஆளுக்குன்னு நிரந்தரமா எழுதிப்போடறேனுங்க. தப்பவே தப்பாது."

அமலி யோசித்தாள். "வேண்டாம் தம்பி. அந்த ஆளுக்குத்தான்னு ஆயிட்டா, மத்தவங்களுக்கு அந்த நாற்காலி கண்ணுலயே படாது. இப்படிச் செய்ய முடியுமா? எல்லாரும் ஒருமனசா இருக்கிற காரியம் வந்தா, எல்லாருக்குமே சுடட்டும். ஒரு ஆள் வாயைத் திறந்து 'நான் போறேன்'னு எல்லாரும் கேக்கச் சொன்னாத்தான் அடங்கணும்."

தரணி வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அவன் சிரித்தது அப்போதுதான். "கம்பெனியில என்னத் தொலைச்சுப்போடுவாங்க சிஸ்டர். மனுசங்க பேசிக்க வேண்டிய அவசியமே இல்லாமப் பண்ணத்தான் அவங்க இதக் கண்டுபுடிச்சாங்க. நீங்க பேச வெக்கற மிஷினு கேக்கறீங்க."

"முடியுமா, முடியாதா?"

"முடியுமுங்க."

முதல் நாள் பெரிய கூத்தாகிவிட்டது. ஒரு நாற்காலி காலியானதும் எல்லோர் காதும் சுட்டு, ஒரே நேரத்தில் நாலு பேர் "நான் போறேன்" என்று கத்திவிட்டு நாலு பைக்கில் கிளம்பினார்கள். காலி நாற்காலி தங்கப்பழம் அண்ணாச்சியுடையதுதான். கால் ஆறிக்கொண்டிருந்ததால் அவர் பஸ்ஸைத் தவறவிட்டிருந்தார். வாசலில் நாலு வண்டி வந்து நின்றதைப் பார்த்து, "என்னடே, பொண்ணு பாக்க வந்தியளா? எனக்குத் தெரியாம யாரு தரகு பேசுனது?" என்று கேட்டாராம். முத்துமாலை அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தான். மற்ற மூன்று பேரும் பந்தோபஸ்துக்கு வருவதுபோல இருபுறமும் வந்தார்கள். நிலையத்தில் கைதட்டி வரவேற்றார்கள்.

போகப்போக ஒரு ஒழுங்கு வந்தது. ஒருவர் சொன்னால் மற்றவர்கள், "சரி, உன் வேலைய நான் பாத்துக்கிடுதேன்" என்றார்கள். அதை மொச்சை சொல்லிக்கொடுக்கவில்லை. எந்த நிலையத்து ஆள் யார் என்பது மெல்ல மெல்ல மறந்துபோயிற்று. டவுன்காரர்கள் நோயாளியிடம் கதை கேட்க ஆரம்பித்தார்கள். அமலியின் மனம் இதற்கெல்லாம் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே இருந்தது.

ஒன்று மட்டும் அவளை உறுத்தியது. வசந்தகுமாரி அக்கா திங்கட்கிழமைகளில் இருமினார். எல்லாத் திங்களும் இல்லை. மாதத்தில் ஒரு திங்கள். வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, யாரும் பார்க்காத மாதிரி மருந்தறைக்குப் போய் இருமிவிட்டு வருவார். அமலி யோசித்துப் பார்த்தாள். மாதம் ஒரு ஞாயிறு, நிலையம் மூடியிருக்கும்போது, இயந்திரங்களுக்குச் சுத்தத் தண்ணீர் அனுப்பும் தண்ணீர் அறையின் குழாய்களை எல்லாம் மருந்து ஊற்றிக் கழுவ வேண்டும். காடியைவிடக் கடுமையான புளிப்பு நெடி. முகமூடி போட்டாலும் நெஞ்சுக்குள் இறங்கும். அந்த வேலை ஒவ்வொரு தடவையும் வசந்தா அக்காவுக்கே போயிற்று. ஏனென்றால் அதற்கு முரண்டு பிடிக்காத ஒரே மனம் அவருடையதுதான். மனமுவந்து சுமக்கிறவர் தோளில்தான் ஒருமனம் சுமையை ஏற்றும். அவருக்கு மூச்சிளைப்பு இருக்கிறது என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாததை அது எப்படி அறியும்?

தரணியிடம் சொன்னால் மாற்றிவிடுவான். திங்கட்கிழமை சொல்லத்தான் போகிறாள். ஆனால் அதற்குமுன் ஒரு ஞாயிறு இருந்தது.

அன்று முதல் பூசைக்குப் போய்விட்டு அமலி நேராக நிலையத்துக்கு வந்தாள். வசந்தா அக்கா மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வருவார். கட்டடம் வெறிச்சோடிக் கிடந்தது. மொச்சையைப் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை. முகமூடி மாட்டி, சேலையை வரிந்து செருகிக்கொண்டு தண்ணீர் அறைக் கதவைத் திறந்தாள்.

மருந்தை அளந்து ஊற்றினாள். நெடி கண்ணைக் கரித்தது. குழாய் குழாயாகத் திறந்து விட்டு, ஊறவைத்து, அலசினாள். வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தாள். இரண்டு தடவை வெளியே வந்து மூச்சு வாங்கிவிட்டு உள்ளே போனாள். அக்கா இதை மாதா மாதம் செய்திருக்கிறார், இந்த நெஞ்சை வைத்துக்கொண்டு. கடைசியில் சோதனைத் தாளை நனைத்துப் பார்த்தாள்; மருந்து மிச்சம் இல்லை, வெள்ளையாகவே இருந்தது. முடித்தவர்கள் அந்தத் தாளைத் தட்டில் வைத்துவிட்டுப் போவது வழக்கம். வைத்தாள். சன்னல்களை எல்லாம் அகலத் திறந்து, கடல் காற்று உள்ளே புகுந்து நெடியை அடித்துப் போகும்வரை மின்விசிறியைச் சுழலவிட்டாள். தரையில் தன் ஈரக்கால் தடங்கள் இருந்தன. அவற்றையும் துடைத்தாள்.

பின்வாசலைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தபோது வெயில் ஏறியிருந்தது. தெருக்குழாயில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். மறுபடியும் கழுவினாள். பஸ் வந்தது. கூட்டமில்லை. சன்னலோரம் உட்கார்ந்து, முன்கம்பியைப் பிடித்திருந்த கையை மெல்ல மூக்கருகே கொண்டுவந்தாள். புளித்த வாடை இன்னும் போகவில்லை. வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை போகாது. போக வேண்டும் என்று அவள் நினைக்கவுமில்லை.